ஏழாம் பங்கேற்பாளர் சொன்னது

நான் என் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட உருப்படியாக உதைத்ததில்லை. ஆனால் பந்தை உதைப்பவர்களைப் பற்றி எழுதித்தான் சோறு சாப்பிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை. குழு விளையாட்டுகளில் மனிதர்கள் எப்படிச் சேர்ந்து இயங்குகிறார்கள் என்பது என் பாடம். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு, "அதுல ஆராய்ச்சி பண்ண என்னாம்மா இருக்கு? பந்து வந்தா உதைக்கிறாங்க, அவ்ளோதானே" என்பார்கள். முன்பெல்லாம் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். இப்போது வருவதில்லை.

எங்கள் துறையிலும் துணிக்கடை மாதிரி சீசன் உண்டு. நான் படிக்கச் சேர்ந்த காலத்தில் எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். யார் யாருக்கு எத்தனை முறை பந்து கொடுத்தார் என்று வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணுவது. பிறகு ஆட்டக்காரர்களின் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியை மாட்டி, எவ்வளவு தூரம் ஓடினார் என்று பார்த்தார்கள். அதற்கப்புறம் கேள்வித்தாள் வந்தது: உங்கள் குழுவில் ஒற்றுமை எந்த அளவுக்கு இருக்கிறது, ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் வட்டமிடவும். அதுவும் பழசாகிப்போய், ஆட்டக்காரர்களின் குரலைக் கேளுங்கள், அவர்கள் பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள் என்றார்கள். கடைசியாக வந்த மோஸ்தர், கண்டுபிடித்ததை அந்த மனிதர்களிடமே திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் நான் மாறினேன். காற்றடிக்கிற பக்கம் சாய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

குரலைக் கேட்கிற சீசனில்தான் எனக்கு அந்தத் தோட்டத்து டீம் ஞாபகம் வந்தது. மலாக்கா மாநிலத்தில் நியாலாஸ் பக்கம், நான் ஆறாம் வகுப்பு வரை வளர்ந்த ரப்பர் தோட்டம். இப்போது பாதி நிலம் கைமாறிவிட்டது, மீதியில் செம்பனை. ஆட்கள் ஜாசின், தங்காக், மலாக்கா டவுன் என்று தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கிருந்தாலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் திடலுக்கு வந்துவிடுவார்கள். அநேகமாக எல்லாருக்கும் முப்பத்தைந்து, நாற்பது வயது. வயசாளிகள் லீக்கில் ஆடுகிற டீம். தமிழ்த் தோட்டத்து டீமைப் பற்றி யாரும் எழுதியதில்லை, நான்தான் முதல் ஆள் என்று நினைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களைப் பார்க்கப் போகும் சந்தோஷமா, எழுதப்போகும் சந்தோஷமா என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை.

டீமின் கேப்டனுக்கு நாற்பத்தேழு வயது. சுங்கை ஊடாங்கில் ஒரு குத்தகைக்காரரிடம் ஷிப்ட் வேலை. என் அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், அதனால் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஏழாம் நம்பர் ஜெர்சி. டீமில் இருந்த மற்ற எல்லாரும் ஒருவரையொருவர் பேர் சொல்லியோ, டேய் போட்டோ கூப்பிட்டுக்கொள்வார்கள். இவர் ஒருவர் மட்டும்தான் அண்ணன். 'அண்ணன்' என்றால் அந்தத் திடலில் வேறு யாரையும் குறிக்காது.

இன்னொருவர் கீப்பர். டவுனில் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை. அவருடைய அப்பா அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். அதனால் வீட்டுப் பேச்சு வேறு. எங்களோடு சேர்ந்து வளர்ந்து அவர் தமிழ் எங்கள் தமிழாகவே ஆகிவிட்டது. ஒன்றிரண்டு சொல் மட்டும் விடவில்லை. நாங்கள் பேசுவோம், அவர் கதைப்பார். எங்களுக்கு முடியாது, அவருக்கு ஏலாது. தோட்டத்தில் கதை என்றால் கதை விடுவது. அதனால் அவர் வாயைத் திறந்தாலே, "வந்துட்டான்டா கதைக்கிறதுக்கு" என்று ஒரு கூட்டமே பிடித்துக்கொள்ளும். கேப்டன்தான் அதில் முதல் ஆள். கீப்பர் மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டுவார். கீப்பரும் சிரிப்பார். சின்ன வயதிலிருந்து இந்த இரண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரிதான், கேப்டனுடைய கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் கீப்பர்தான்.

முதல் மாதம் கேள்வித்தாள் கொடுத்தேன். பழைய சீசன் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வோம் என்று. எல்லாரும் எல்லாக் கேள்விக்கும் ஒன்பதை வட்டமிட்டுக் கொடுத்தார்கள். 'குழுவுக்குள் உங்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டதுண்டா' என்ற கேள்விக்கும் ஒன்பது. "அண்ணே, இதுக்கு ஒன்பதுன்னா ரொம்ப வருத்தம்னு அர்த்தம்" என்றேன்.

"அப்படியா? அப்ப அத ஒண்ணா மாத்திக்க" என்றார் கேப்டன். "பேப்பருல எழுதுனது ஆபீசுக்குப் போயிரும் தங்கச்சி. நம்ம ஆள நாமளே மாட்டி விடுவமா?"

தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது புதுசில்லை. பேப்பர் என்றால் தோட்டத்து ஆபீஸ், ஆபீஸ் என்றால் யாரோ ஒருவன் வேலை போகும். இருந்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பேச வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு எனக்கு ஒரு பிடி கிடைத்திருந்தது. ஆட்டத்தைப் பார்க்கும்போது ஒன்று விசித்திரமாக இருந்தது. பந்து கேப்டன் பக்கம் போனால், அவருக்கு இரண்டு எட்டில் கிடைக்கக்கூடிய பந்தாக இருந்தாலும், பக்கத்தில் இருக்கிற எவனாவது "என்னுது!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து எடுப்பான். சில சமயம் மூன்று பேர் ஒரே நேரத்தில் "என்னுது!" என்பார்கள். கேப்டன் கையை உயர்த்தி, "போ, போ, எடுத்துக்க" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பார். நான் நோட்டில் 'தகவல் தொடர்பில் கோளாறு' என்று எழுதி வைத்தேன்.

ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்து, கீப்பரைத் தனியாகத் திடல் ஓரத்துக் கொட்டகையில் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தேன். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினேன். பேர் வராது, நம்பர்தான் வரும், ஏழாவது பேட்டி என்பதால் நீங்கள் ஏழாம் பங்கேற்பாளர் என்றேன்.

"யாருன்னு தெரியாதுல்ல மிஸ்?" என்றார். மிஸ் என்பது கிண்டல். சின்ன வயதில் நான் மற்ற பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்துவேனாம்.

"சத்தியமா தெரியாது."

அந்த "என்னுது" என்னவென்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றினார், போட்டார், மறுபடியும் கழற்றினார். பிறகு சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஐயோ, இதுதான் கட்டுரை என்று தோன்றியது. ஒரு மனிதர் தன் கூட்டாளியைப் பற்றி வேதனைப்பட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு அதுதான் தோன்றியது.

ஒரு வருஷம் கழித்துக் கட்டுரை ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. என்னோடு சேர்ந்து எழுதிய பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. அவர் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்: மேற்கோள்களை மூலமொழியிலேயே கொடு, கீழே மொழிபெயர்ப்பு போடு, இப்போது எல்லாரும் அதைத்தான் விரும்புகிறார்கள். நான் கீப்பருடைய பேச்சை எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டேன். 'கதைப்போம்' என்ற இடம் வந்ததும் என் விரல் நின்றது. 'பேசுவோம்' என்று மாற்றினால் போதும், எந்தத் தோட்டத்து ஆளும் சொல்லியிருக்கலாம் என்று ஆகிவிடும். மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் மறக்கவில்லை. நான் அந்த மக்களின் வாய்ப்பேச்சை எவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறவள் என்று காட்டிக்கொள்ள எனக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது.

பிறகு அந்தக் கடைசி மோஸ்தர். திரும்பக் கொடுப்பது. கட்டுரையின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, கலர் அட்டை போட்டு, பதினைந்து பிரதி எடுத்துக்கொண்டு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போனேன். மேற்கோள்களை மட்டும் அப்படியே ஒட்டியிருந்தேன். அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோமே, படிக்கப் போகிறவர்கள் இவர்களாயிற்றே என்ற சாதாரண யோசனைகூட என் மண்டையில் ஏறவில்லை. புகைப்படம் எடுக்க ஒரு மாணவியைக் கூட்டிப் போக வேண்டும் என்ற யோசனை மட்டும் ஏறியிருந்தது.

சத்தமாகப் படிக்கிற வேலை என்றால் அந்த டீமில் கேப்டனுக்குத்தான். கோயில் கடுதாசியானாலும் லீக் அட்டவணையானாலும் அவர்தான் படிப்பார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நின்றார். எல்லாரும் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். கீப்பர் அவருக்கு நேர் எதிரே.

"ஏழாம் பங்கேற்பாளர் கூறியது. எலே, ஏழு நான்தானே? நான் எப்படா இதைச் சொன்னேன்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் படித்தார்:

"நாங்க உள்ளுக்க நிறையக் கதைப்போம் மிஸ். வெளியில கதைக்க மாட்டோம்."

படித்த உடனே அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "அலாமாக்! டேய், இது நம்ம ஆளுடா!" என்று கீப்பரைப் பார்த்துக் கையை நீட்டினார். திடலே அதிரச் சிரித்தது. "தங்கச்சி, நம்பர் போட்டா தெரியாதா எங்களுக்கு? இவன் கதைக்கிறத பத்து மைலுக்கு அந்தாண்டயே கண்டுபிடிப்போம் லா!" பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கீப்பர் குரலிலேயே இழுத்து இழுத்து மேலே படித்தார்.

"அண்ணனுக்கு முட்டி ஏலாமப் போயி ரெண்டு சீசன் ஆச்சு. அத அவர்கிட்ட யார் கதைக்கிறது? பந்து அவர் பக்கம் போச்சுன்னா பக்கத்துல நிக்கிறவன் என்னுதுன்னு கத்துவான். அவரா விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும். நாங்க பத்துப் பேருதான் மிஸ் ஆடுறோம்..."

இரண்டாவது வரியிலேயே இழுப்பு போய்விட்டது. மூன்றாவது வரியில் அது அவருடைய சொந்தக் குரல். ஆனால் நிறுத்தவில்லை, கடைசிச் சொல் வரை படித்து முடித்தார்.  கீப்பர் கையில் இருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மாணவி இதையும் ஒரு படம் எடுத்தாள்.

கேப்டன் பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா எழுதியிருக்கே தங்கச்சி" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் எழுந்து போயிருந்தால்கூடப் பரவாயில்லை. போகவில்லை. அன்றைக்கு நாலே காலுக்கு நியாலாஸ் டீமோடு ஒரு நட்பு ஆட்டம் இருந்தது. ஏழாம் நம்பரைப் போட்டுக்கொண்டு இறங்கினார். முதல் பந்து அவர் பக்கம் வந்தது. பக்கத்தில் நின்றவனுடைய வாய் பழக்கத்தில் "என்..." என்று திறந்து, அப்படியே மூடிக்கொண்டது. அதற்கு மேல் யார் கத்துவது? கேப்டன் தானே ஓடினார். கிடைக்கவில்லை. அடுத்த பந்துக்கும் ஓடினார். பத்துப் பேரும் அவர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருமுறை விழுந்து, யாரும் கை கொடுப்பதற்குள் தரையை ஊன்றி எழுந்தார். இத்தனை சீசனாக அவர்கள் அவர் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்த ஒன்றை நான் ஒரு பக்கத்தில் போட்டு உடைத்திருந்தேன். பாதி ஆட்டத்தில் வெளியே வந்து, ஜெர்சியைக் கழற்றி மடித்து பெஞ்சில் வைத்துவிட்டு மோட்டாரை எடுத்தார். கீப்பர் கோல் கம்பத்தை விட்டு நாலு எட்டு முன்னால் வந்து, பிறகு நின்றுவிட்டார்.

அதோடு கேப்டன் திடலுக்கு வரவில்லை. கீப்பரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வரவில்லை. இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று கேள்விப்பட்டேன். டீம் இருக்கிறது, இளசுகளைச் சேர்த்துக்கொண்டு என்னவோ ஆடுகிறது.

ஒரு மாதம் கழித்து கீப்பரைப் பார்க்க அவர் வேலை செய்கிற கிளினிக்குக்குப் போனேன். மத்தியானம், கூட்டம் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்த்தார்.

"நான் கடைசியில ஒண்ணு கேட்டேனே, அத ஏன் போடல?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பேட்டியின் ஒலிப்பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். "நாங்க பத்துப் பேருதான் மிஸ் ஆடுறோம்" என்பதற்குப் பிறகு அவர் குரல் இருந்தது: "உங்க யூனிவர்சிட்டில முட்டி பாக்கிற ஆக்கள் இருக்காங்களாமே? அண்ணனுக்கு ஒருக்கா கேட்டுச் சொல்வீங்களா? அதுக்குத்தான் இதைக் கதைச்சேன்." அடுத்து என் குரல். "பாப்போம், பாப்போம். சரி, அடுத்த கேள்வி..."

அந்த இடத்தில்தான் நான் கட்டுரையில் மூன்று புள்ளி வைத்திருந்தேன். ஆய்வு எழுதுகிறவர்கள் எல்லாரும் வைப்பதுதான், தேவையில்லாததை விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். அவர் தன் அண்ணனைப் பற்றி என்னிடம் வாயைத் திறந்ததே அந்த ஒரு உதவிக்காக. எங்கள் துறைக் கட்டடத்தில், என் அறைக்கு இரண்டு மாடி கீழே, முட்டிக்கு மருத்துவம் பார்க்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தினமும் லிப்டில் அவர்களோடுதான் ஏறி இறங்குகிறேன். அன்றைக்குத்தான் எனக்கு என்மேல் முதல்முறையாக அருவருப்பு வந்தது. அதற்கு முன் இருந்ததெல்லாம் சங்கடம்.

அவர்களில் ஒருவரிடம் பேசி, நாள் குறித்து, கடிதம் வாங்கிக்கொண்டு கேப்டன் வீட்டுக்குப் போனேன். சுங்கை ஊடாங் பக்கம் ஒரு தாமானில் சின்ன வீடு. அவர் மனைவி கோப்பி கலக்கிக் கொடுத்தார். கேப்டன் காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முட்டியில் எண்ணெய் பூசியிருந்தது. கடிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். இந்த முறை மனசுக்குள்.

"நான் ஓடிக்கிட்டிருந்தப்ப இது வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். "இப்ப ஷிப்டுக்குப் போயி நிக்கிறதுக்கு இந்தக் கால் போதும்."

"அன்னைக்கு அவரு பேசுனதே உங்களுக்கு டாக்டர் கேட்டுத்தாண்ணே. அத நான் எழுதாம விட்டுட்டேன். தப்பு என்னுதுண்ணே."

சொன்ன பிறகுதான் எந்தச் சொல்லைச் சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடிதத்தை மேசையில் வைத்து, அதன் மேல் கோப்பி கப்பை வைத்தார்.

"அந்தப் பொஸ்தகத்துல வந்துச்சே, அத எத்தன பேரு படிச்சிருப்பாங்க?" என்று கேட்டார்.

வெளியில் தெரிந்துவிட்டதே என்று கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னேன்: "யாருமே படிக்க மாட்டாங்கண்ணே. நீங்க அதப் பத்திக் கவலப்படாதீங்க. எங்க ஆளுங்க நாலு பேரு பாப்பாங்க, அவ்ளோதான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி ஒரு பார்வை.

"யாருமே படிக்காததுக்கா தங்கச்சி, அவன்கிட்ட அத வாங்குனே?"

தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆமாண்ணே என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில், அந்த மனிதருடைய எண்ணெய் பூசிய முட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இல்லண்ணே, அப்படி இல்ல. நெறையப் பேரு படிச்சிருக்காங்க. வெளிநாட்டுலகூட."

"அப்படியா" என்றார் அவர். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதும் உடனே புரியவில்லை. மோட்டார் சத்தமும் பிள்ளைகள் சத்தமுமாக இருந்த அந்தத் தாமான் சாலையில் காரை எடுக்கும்போதுதான், அதைச் சொன்ன என் குரல் எனக்குக் கேட்டது. அதில் பெருமை இருந்தது.